யெஸ்ஸா, நோவா: வீட்டுக் கம்ப்யூட்டர் அனுமதி கேட்டு நச்சரித்தால்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், பெரும்பாலும் அது ஒருத்தருடையதாக இருக்காது. காலையில் அப்பா எம்.சி. ரோடு கடையின் பில் போடுவார், மாலையில் பையன் காலேஜ் புராஜெக்ட் செய்வான், இரவில் பக்கத்து வீட்டு அக்கா ஆதார் பிரிண்ட் கேட்டு வருவார். எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட், அதுவும் முழு அதிகாரம் உள்ள அட்மின் அக்கவுண்ட். இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு நாலு தடவை திரை மங்கி, யெஸ்ஸா நோவா என்று கேட்கும். படிக்காமலே யெஸ் அழுத்தக் கை பழகிவிடும். இல்லையென்றால் யாராவது வந்து அந்தக் கேள்வியையே அடியோடு நிறுத்திவிட்டுப் போவார்கள். இரண்டும் தேவையில்லை. ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதைக் கேட்க வைக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் போதும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதில் ஓடும் கம்ப்யூட்டரில் கீழே உள்ளவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

முதலில், கேட்பது யார்?

அனுமதிப் பெட்டி என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்வது ஐந்தாறு வெவ்வேறு சமாச்சாரம். ஒன்றுக்குச் சொன்ன மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

திரை முழுவதும் மங்கி, நடுவில் யெஸ், நோ என்று இரண்டு பட்டன் வந்தால் அது அட்மின் அதிகாரம் கேட்கும் புரோகிராமுக்கு உங்கள் சம்மதம் வாங்கும் யூஸர் அக்கவுண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யூ.ஏ.சி. 2007-இல் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. நீல நிறப் பெரிய பலகையில் ‘விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி’ என்று வந்தால் அது அறிமுகமில்லாத புரோகிராமைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன். திரை மங்காமல் ‘ஓப்பன் ஃபைல், செக்யூரிட்டி வார்னிங்’ என்று வந்தால், இணையத்தில் இருந்து இறங்கிய ஃபைல் என்ற முத்திரை அதில் இருக்கிறது. பிரைவேட் நெட்வொர்க், பப்ளிக் நெட்வொர்க் என்று டிக் கேட்டால் ஃபயர்வால். வலது பக்க மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று சிவப்பாகக் குதித்தால் அது விண்டோஸே இல்லை. அதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேரைப் பயமுறுத்துவது அதுதான்.

மூலையில் வைரஸ் எச்சரிக்கை ஓயாமல் வருகிறது

ஏதோ ஒரு சினிமா டவுன்லோடு தளமோ ரிசல்ட் பார்க்கும் தளமோ ‘அலோ’ கேட்டபோது யாரோ அழுத்தியிருப்பார்கள். அதன் பிறகு அந்தத் தளம் பிரவுசர் வழியாக நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டியின் ஓரத்தில் பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும், உற்றுப் பாருங்கள்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் மாதிரி தெரிந்தவற்றை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நீக்குங்கள். மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். இதற்காக ஆன்ட்டிவைரஸ் வாங்க வேண்டாம்.

திரை முழுக்க எச்சரிக்கை நிரம்பி, ஒரு போன் நம்பரும் காட்டி, மூடவே முடியவில்லை என்றால் எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். அது சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தினமும் ஒரே யூ.ஏ.சி. கேள்வி

பெட்டியில் ‘ஷோ மோர் டீடெயில்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால்தான் விஷயம் வெளியே வரும். கேட்கும் புரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கட்டளையோடு ஓடுகிறது என்று அங்கே தெரியும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரை மங்கியிருக்கும்போது கம்ப்யூட்டரின் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டன் வேலை செய்யாது.

இடம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டராக இருந்து, அது ஏதாவது அப்டேட்டராக இருந்தால், உங்களுக்கு அந்த மென்பொருள் தேவையா என்று யோசியுங்கள். ஜாவா நல்ல உதாரணம். எப்போதோ வரித் தாக்கலுக்காகப் போட்டது, பிறகு யாரும் தொடவில்லை, அதன் அப்டேட்டர் மட்டும் தவறாமல் வந்து கேட்கும். பயன்பாடு இல்லையென்றால் அன்இன்ஸ்டால். பயன்பாடு இருந்தால் ஒரு தடவை யெஸ் கொடுத்து அப்டேட்டை முழுசாக முடியுங்கள். பாதியில் நோ கொடுத்தால் மறுபடியும் கேட்கத்தான் செய்யும்.

அப்டேட்டர் இல்லை, தினமும் தேவைப்படும் புரோகிராம்தான், அதற்கு அட்மின் அனுமதியும் உண்மையிலேயே வேண்டும் என்றால், புரோகிராம்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் போடலாம். கிரியேட் டாஸ்க் என்பதைத் திறந்து, ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்’ டிக் செய்து, டிரிகரில் ‘அட் லாக் ஆன்’ தேர்ந்து, ஆக்ஷனில் அந்தப் புரோகிராமைக் காட்டுங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அதன் பழைய பதிவை டிஸேபிள் செய்யுங்கள். இனி கேள்வி வராது.

இங்கே லேப்டாப்காரர்கள் வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. கண்டிஷன்ஸ் டேபில், ஏ.சி. பவர் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற டிக் முதலிலேயே போடப்பட்டிருக்கும். கரண்ட் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தால் புரோகிராம் ஓடாது, ஏன் என்றும் சொல்லாது. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் டேபில், 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று இன்னொன்று இருக்கும், கம்ப்யூட்டரை அணைக்காமலே வைத்திருப்பவர்கள் அதையும் எடுக்க வேண்டும். இப்படி அனுமதி கொடுக்கும் புரோகிராம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ இருந்தால், அதே பெயரில் வேறு ஒன்றை யாரும் மாற்றி வைத்துவிட முடியும். அதற்கும் கேள்வி கேட்காமல் கதவு திறக்கும்.

பெட்டியின் நிறமும் அது சொல்லாததும்

மேல்பட்டை நீலமாக இருந்தால் தயாரிப்பாளரின் கையெழுத்து சரிபார்க்கப்பட்டது. மஞ்சளாக இருந்தால் ‘அன்நோன் பப்ளிஷர்’, கையெழுத்து இல்லை. மஞ்சள் என்றாலே வைரஸ் என்று அர்த்தமில்லை. உள்ளூரில் ஒருத்தர் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருள் பெரும்பாலும் மஞ்சளில்தான் வரும், அவர் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்.

நீலம்தான் ஆளை ஏமாற்றும். எழுத்துக் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லும் கமாண்ட் பிராம்ப்ட்டும் மைக்ரோசாஃப்ட்டே கையெழுத்திட்டவை. கெட்ட ஸ்கிரிப்ட் ஒன்று அவற்றைக் கருவியாக வைத்து அனுமதி கேட்டால் பெட்டி நீலமாக, மைக்ரோசாஃப்ட் பெயரோடு பளிச்சென்று வரும். டீடெயில்ஸைத் திறந்தால், பவர்ஷெல்லுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குப் புரியாத எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எதையும் தொடாத நேரத்தில் இது வந்தால் நோ. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனும் ஆர்-உம் அழுத்தி, ஒட்டி, என்டர் அடியுங்கள்’ என்று ஒரு தளம் சொல்லி, அதற்குப் பிறகு வந்தாலும் நோதான். உண்மையான கேப்ச்சா எதுவும் அப்படிக் கேட்காது.

நோ கொடுத்தும் மறுநொடியே அதே பெட்டி, மறுபடி நோ, மறுபடி பெட்டி என்று சுற்றினால், சலித்துப்போய் யெஸ் கொடுப்பீர்கள் என்று காத்திருக்கும் ஒன்று உள்ளே இருக்கிறது. வைஃபையை ரவுட்டரிலேயே அணையுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். மறுபடி ஆன் செய்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள், டெஸ்க்டாப் என்றால் யூ.பி.எஸ். பேட்டரியை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டு.

ஒரு புரோகிராமைத் திறக்கும்போது மட்டும் கேட்கிறது

ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. ‘ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக் போட்டிருக்கிறதா? ஷார்ட்கட் டேபில் அட்வான்ஸ்ட் பட்டனுக்குள்ளும் அதே மாதிரி ஒரு டிக் உண்டு. எப்போதோ ஒரு பிரச்சினைக்கு யாரோ போட்டதை எடுத்துப் பாருங்கள். பாதிக் கேஸ் இதிலேயே தீரும்.

டிக் எதுவும் இல்லை, மிகப் பழைய மென்பொருள் என்றால் ஃபைலின் பெயரைப் பாருங்கள். அந்தக் காலத்து 32 பிட் புரோகிராம்களில் தனக்கு அட்மின் வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பே இருக்காது. அப்போது விண்டோஸ் பெயரைப் பார்த்து ஊகிக்கும். பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் என்ற ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் இது இன்ஸ்டாலர் என்று முடிவுகட்டி அனுமதி கேட்கும். ஸ்டாக் விலையை மாற்றும் சின்ன டூலுக்கு ‘ரேட் அப்டேட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தாலே போதும், தினமும் திரை மங்கும். பெயரை மாற்றுங்கள், கேள்வி நின்றுவிடும்.

நேற்றுப் போட்ட பில் இன்றைக்குக் காணோம்

இது அனுமதிப் பிரச்சினை என்றே யாருக்கும் தோன்றாது. டேட்டா அழிந்துவிட்டது என்று பதறுவார்கள். அழியவில்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

பழைய பில்லிங் மென்பொருள் தன் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதப் பார்க்கும். சாதாரண முறையில் திறந்தால் அங்கே எழுத அனுமதி இல்லை. விண்டோஸ் பிழை காட்டாமல், அந்த எழுத்தை ரகசியமாக உங்கள் பெயரில் உள்ள விர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். மறுநாள் யாராவது ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்தால், மென்பொருள் உண்மையான புரோகிராம் ஃபைல்ஸைப் படிக்கும். அங்கே நேற்றைய பில் இருக்காது. இப்படியே ஒரு மாதம் ஓடினால் கணக்கு இரண்டு தொகுதியாகப் பிரிந்து கிடக்கும்.

தேட வேண்டிய இடம்: சி டிரைவ், யூஸர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும். எக்ஸ்புளோரரின் வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் செய்தால் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் இரண்டு இடத்து டேட்டாவையும் பென் டிரைவில் தனித்தனி ஃபோல்டராகக் காப்பி எடுங்கள். எதில் கடைசித் தேதி பில் இருக்கிறது என்று பார்த்து, தேவையானால் விடுபட்ட பில்களைக் கையால் ஏற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்றைக் காப்பி அடித்தால் ஒரு தொகுதி போய்விடும்.

நிரந்தரத் தீர்வு, மென்பொருளின் டேட்டா பாத்தை டி டிரைவில் ஒரு சாதாரண ஃபோல்டருக்கு மாற்றுவது. மென்பொருள் அதை அனுமதிக்கவில்லையென்றால், மொத்த மென்பொருளையும் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே இன்ஸ்டால் செய்வது. அதன் பிறகு அட்மினாகத் திறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

அட்மினாகத் திறந்தால் தமிழ் வரவில்லை, நெட்வொர்க் டிரைவும் இல்லை

இரண்டுக்கும் வேர் ஒன்று. அட்மின் அக்கவுண்டில் நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அடையாளச் சீட்டு தருகிறது. ஒன்று சாதாரணம், இன்னொன்று முழு அதிகாரம். அன்றாட வேலை எல்லாம் சாதாரணச் சீட்டில் ஓடும். யெஸ் கொடுத்துத் திறந்த புரோகிராம் மட்டும் முழு அதிகாரச் சீட்டோடு மேல் மாடியில் ஓடும். கீழ் மாடியில் இருப்பது மேல் மாடிக்கு விசை அனுப்ப முடியாது. அதனால், விசைகளை இடைமறித்து மாற்றும் தனித் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், நோட்பேடில் ‘அம்மா’ என்று அடிக்கும்போது ஒழுங்காக வரும், அட்மினாகத் திறந்த பில்லிங் விண்டோவில் ஆங்கிலமாகவே கொட்டும். டிராக் அண்ட் டிராப்பும் அதே காரணத்தால்தான் அங்கே வேலை செய்யாது. விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கு இந்தத் தடை கிடையாது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இசட் மாதிரி ஓர் எழுத்தில் காட்டுவது நெட்வொர்க் டிரைவ். அந்த எழுத்தும் சாதாரணச் சீட்டோடு ஒட்டியது. அட்மின் புரோகிராமுக்கு இசட் டிரைவ் தெரியாது. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக மற்ற கம்ப்யூட்டரின் பெயரோடு தொடங்கும் முழு முகவரியை மென்பொருளில் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

ஜிஎஸ்டி எக்ஸலில் மேக்ரோ ஓடவில்லை, சிவப்புப் பட்டை வருகிறது

போர்ட்டலில் இருந்து இறக்கும், மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே ஓடும் சின்னப் புரோகிராம்) உள்ள எக்ஸல் ஃபைலில் இது வழக்கம். 2022-ஆம் ஆண்டில் இருந்து, இணையத்தில் இருந்து வந்த ஃபைலின் மேக்ரோவை ஆஃபீஸ் மொத்தமாகத் தடுக்கிறது, ‘எனேபிள்’ பட்டனே காட்டாது. ஜிப் ஃபைலாக இறங்கியிருந்தால், விரிப்பதற்கு முன்பே அதன் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேபின் அடியில் ‘அன்பிளாக்’ டிக், ஓகே. பிறகு விரியுங்கள். முதலில் விரித்துவிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் முத்திரை ஏறியிருக்கும், தனித்தனியாக எடுக்க வேண்டும். இந்த முத்திரை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் தங்காது. அதனால்தான் ஒரே ஃபைல் பிரவுசிங் சென்டரில் இருந்து பென் டிரைவில் வந்தால் பேசாமல் திறக்கிறது, மெயிலில் வந்தால் சண்டை போடுகிறது. பேசாமல் திறப்பதால் அது நல்ல ஃபைல் ஆகிவிடாது.

டிஎஸ்சி டோக்கன் செருகும்போதெல்லாம் இன்ஸ்டால் கேட்கிறது

டிஎஸ்சி என்பது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், அது இருக்கும் யூ.எஸ்.பி. கருவிதான் டோக்கன். பல டோக்கன்கள் செருகியதும் ஒரு சின்ன சிடி டிரைவாகத் தெரியும், அதில் டிரைவர் செட்டப் இருக்கும். ஆட்டோபிளே அதை ஒவ்வொரு தடவையும் ஓட்டுகிறது. டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்தால் செட்டிங்ஸில் ஆட்டோபிளே என்று தேடி அணைத்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் வேலைக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

பக்கத்து அறைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது

2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு, ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை இழுத்துப் போட அட்மின் வேண்டும். பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் இருந்த பெரிய ஓட்டையை அடைக்க வந்த மாற்றம் இது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பதிப்பு டிரைவரை அட்மினாக ஒரு முறை இன்ஸ்டால் செய்துவிட்டால் கேள்வி நிற்கும். பிரிண்டரில் வைஃபை இருந்தால் ஷேரிங்கையே விட்டுவிட்டு நேராக இணைப்பது இன்னும் நிம்மதி.

யெஸ் பட்டன் மங்கிக் கிடக்கிறது, பாஸ்வேர்டு கேட்கவும் இல்லை

இருக்கும் ஒரே அக்கவுண்ட் எப்படியோ அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு ஆகிவிட்டது, அட்மின் யாரும் இல்லை. லாகின் திரையில் பவர் சின்னத்தை அழுத்தி, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு சேஃப் மோடுக்கு 4. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் கீ கேட்கலாம். அதனால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டின் தளத்தில் செல்போனிலிருந்து அந்தக் கீயை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். வேறு அட்மின் இல்லாதபோது சேஃப் மோடில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் தலைகாட்டும், பெரும்பாலும் பாஸ்வேர்டு இருக்காது. அதில் நுழைந்து, கன்ட்ரோல் பேனல், யூஸர் அக்கவுண்ட்ஸ் வழியே உங்கள் அக்கவுண்டை மறுபடி அட்மின் ஆக்குங்கள். அது தலைகாட்டவில்லையென்றால் ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட்டு, ‘கீப் மை ஃபைல்ஸ்’ கொடுத்து ரீசெட் செய்வதுதான். ஃபைல்கள் தங்கும், மென்பொருள்களை மறுபடி போட வேண்டும்.

இணையத்தில் இதற்கு குரூப் பாலிசியைத் திறக்கச் சொல்லும் வழிகள் நிறைய. வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது ஹோம் எடிஷன், அதில் அந்தக் கருவியே கிடையாது.

தூரத்தில் இருந்து உதவுபவருக்குத் திரை கருப்பாகிறது

துபாயில் இருக்கும் மகன் ரிமோட்டில் நுழைந்து திருவொற்றியூர் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறார். யூ.ஏ.சி. வந்ததும் அவர் பக்கம் கருப்பு. மங்கிய திரை ஒரு தனி மேடை, மற்ற புரோகிராம்களால் அதைப் பார்க்கவோ கிளிக் செய்யவோ முடியாது. அதுதான் அதன் வேலையே. போனில் சொல்வதுதான் சரியான வழி: “அப்பா, அங்க ஒரு பெட்டி வந்திருக்கும். அதுல என்ன பேர் போட்டிருக்குன்னு படிங்க. அந்தப் பேர்தானா? அப்ப யெஸ் குடுங்க.” அறிமுகமே இல்லாத ஒருவர் இதையே சொன்னால் போனை வைத்துவிட வேண்டும்.

அந்த நான்கு படி ஸ்லைடர்

யூ.ஏ.சி. எவ்வளவு கேட்க வேண்டும் என்று வைக்கும் ஸ்லைடர் இது. ஸ்டார்ட்டில் யூ, ஏ, சி என்று மூன்று ஆங்கில எழுத்து அடித்தால் வரும். மேலிருந்து இரண்டாவது படிதான் விண்டோஸ் தானாக வைப்பது, வீட்டுக்கு அதுவே போதும். மூன்றாவது படி அதே கேள்வியைத் திரை மங்காமல் கேட்கும். பழைய கம்ப்யூட்டரில் திரை மங்கவே பல நொடி எடுத்தால் மட்டும் அதற்கு இறங்கலாம். பதிலுக்கு அந்தத் தனி மேடைப் பாதுகாப்பு போய்விடும்.

கடைசிப் படியில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால், அல்லது ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பெயருக்குப் பதில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றே இருந்தால், யாரோ தொல்லையை மொத்தமாக நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அசெம்பிள் செய்த பெட்டிகளில் முதலில் இதைப் பாருங்கள். ஸ்லைடரை இரண்டாவது படிக்கு ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு தனியாக ஓர் அட்மின் அக்கவுண்ட் உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அதில் ஒரு தடவை நுழைந்து பார்த்துவிட்டு, அதற்குப் பின்பே வீட்டார் பயன்படுத்தும் அக்கவுண்டை ஸ்டாண்டர்டாக மாற்றுங்கள். அது உள்ளமைந்த ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றால் மாற்ற முடியாது, வீட்டாருக்குப் புதிதாக ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் உருவாக்குங்கள். வரிசை மாறினால் மேலே சொன்ன மங்கிய யெஸ் பட்டனில் போய் நிற்பீர்கள்.